காரைக்குடிக்குப் போகும் கைவேலைக்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கைத்தையலும் ஒட்டுத்துணி வேலையும் செய்கிறவள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது காரைக்குடிப் பக்கம் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருவேன். வந்து இறங்கியதும் தையல் வகுப்புத் தோழிகளில் ஆரம்பித்து மாடி வீட்டு அக்கா வரைக்கும் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது எதையாவது விட்டுவிடுகிறேன், அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஓய்வுக்குன்னு சொல்லிட்டு ஏன் காரைக்குடிக்குப் போறீங்க? அங்க கடலும் இல்ல, மலையும் இல்லையே?

உண்மைதான், இரண்டும் இல்லை. வெயிலும் செம்மண்ணும் கண்மாயும்தான். ஆனால் கையால் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணுக்குத் தீனி வேண்டும், அது அங்கே தரையிலிருந்து கூரை வரைக்கும் கிடக்கிறது. காலடியில் ஆத்தங்குடிக் கல் என்கிற பூப்போட்ட தரை டைல்ஸ், சுவரில் கண்ணாடி போல வழுவழுக்கும் சுண்ணாம்புப் பூச்சு, தலைக்கு மேலே பர்மாத் தேக்கு. செட்டிநாடு என்று சொல்கிற 70க்கும் மேற்பட்ட ஊர்களில் எந்தத் தெருவில் திரும்பினாலும் யாரோ உட்கார்ந்து பொறுமையாகச் செய்த வேலை ஒன்று எதிரே நிற்கும்.

இன்னொன்று, அங்கே மதியம் ஒன்றரை மணிக்கு மேல் ஊரே அடங்கிவிடும். கடையைச் சாத்திவிடுவார்கள், தெருவில் ஆள் இருக்காது. திண்ணையில் தையல் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு மணி வரைக்கும் உட்காரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்கு ஓய்வு என்றால் இதுதான். மலைக்குப் போனால் நான் வியூ பாயிண்ட், படகு என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன், திரும்பி வந்த பிறகுதான் களைப்பு தெரிகிறது.

எத்தனை நாள் வேணும்? எந்த மாசம் போகலாம்?

மூன்று நாள், இரண்டு இரவு. ஒரு நாளில் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் சொல்வது "இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்பதுதான். மார்கழியும் தையும் அருமையாக இருக்கும். சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம், அந்த வெயிலில் பழைய சாமான் கடையின் தகரக் கூரைக்குக் கீழே பத்து நிமிஷம் நிற்க முடியாது. ஐப்பசி மழையில் போனால் ஊர் அழகாக இருக்கும், ஆனால் கூடை பின்னுகிற பனை ஓலை காயாது, டைல்ஸும் காயாது, பாதி வேலைகள் நின்றுபோயிருக்கும்.

சென்னையிலிருந்து எப்படிப் போறது, எங்க தங்குறது?

எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் மதியத்துக்கு மேல் கிளம்பி ராத்திரிக்குள் காரைக்குடியில் விட்டுவிடும். ராமேஸ்வரம் போகிற இரவு ரயில்களும் உண்டு, ஆனால் விடிவதற்கு முன்னால் இறங்க வேண்டியிருக்கும். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி இருக்கிறது. மதுரை வழியாகப் போனால் மீனாட்சியம்மன் கோயில் பக்கம் அரை நாள் ஒதுக்குங்கள். நூல், சரிகை, ஜமிக்கி என்று எல்லோரும் தேடிப்போகிற புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, அங்கே போய் விசாரியுங்கள்.

காரைக்குடிக்குள் எல்லா விலைக்கும் லாட்ஜ் இருக்கிறது. கையில் கொஞ்சம் காசு சேர்த்துவைத்திருந்தால் கானாடுகாத்தானில் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்களே, அதில் ஒரு ராத்திரியாவது இருங்கள். அந்த வளவில், அதாவது வீட்டு நடுவில் இருக்கிற திறந்த முற்றத்தைச் சுற்றி, காலை வெளிச்சம் தூண் தூணாக இறங்கி வருவதைப் பார்ப்பதற்காகவே கொடுக்கலாம்.

பழைய சாமான் கடைங்க எங்க இருக்கு? உள்ள என்னதான் இருக்கும்?

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று கேட்டால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் விடுவார். வரிசையாகக் கடைகள். வெளியே பார்த்தால் ஒடுக்கமாக இருக்கும், உள்ளே போகப் போக அறை அறையாகத் திறக்கும். தூண், கதவு, நிலை, ஊஞ்சல் பலகை எல்லாம் ஒரு பக்கம். பீங்கான் ஜாடி, இனாமல் தட்டு, பித்தளைக் கூஜா, வெற்றிலைப் பெட்டி, பல்லாங்குழி, மரப்பாச்சி, பிஸ்கட் டின், பழைய பூட்டு, கல்யாண குரூப் போட்டோ எல்லாம் இன்னொரு பக்கம்.

இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். செட்டிநாட்டில் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது ஒரு பாத்திரம், இரண்டு பாத்திரம் என்று கொடுப்பதில்லை, அளவு வாரியாக அடுக்கடுக்காகக் கொடுப்பார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன குடும்பங்கள், அதனால் ஐரோப்பிய, ஜப்பானியச் சாமான்களும் வந்து குவிந்தன. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கே போட்ட முதல் பெரும்பாலும் போயிற்று. அதற்குப் பிறகு குடும்பங்கள் சென்னை, வெளிநாடு என்று பிரிந்துபோக, பூட்டிக் கிடந்த அறைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்ததுதான் இந்தத் தெருவில் இருக்கிறது.

விலை கேட்கவே கூச்சமா இருக்கு. எப்படிப் பேரம் பேசுறது?

முதல் நாள் வாங்காதீர்கள். எல்லாக் கடையும் ஏறி இறங்கி, எது கண்ணை விட்டுப் போகவில்லையோ அதை மட்டும் மறுநாள் போய்க் கேளுங்கள். "அண்ணே, இது எந்த ஊர் வீட்டுல இருந்து வந்துச்சு?" என்று ஆரம்பித்தால் அவர்களே உட்காரச் சொல்லிக் கதை சொல்வார்கள், அப்புறம் விலை பேசுவது தானாக இலகுவாகிவிடும். தனித்தனியாகக் கேட்காமல் மூன்று நான்கு சாமானைச் சேர்த்து வைத்து மொத்தமாக ஒரு விலை கேட்டால் குறையும். அடிமாட்டு விலைக்குக் கேட்டு அவர்கள் மனசை நோகடிக்காதீர்கள். அந்தத் தூசியைத் தட்டி, துரு எடுத்து, வருஷக்கணக்கில் இடம் கொடுத்து வைத்திருப்பதற்கும் ஒரு கூலி இருக்கிறது.

ஆத்தங்குடிக் கல்லு செய்யுறதைப் பார்க்க விடுவாங்களா?

விடுவார்கள். ஆத்தங்குடி ஊருக்குள்ளேயே பல பட்டறைகள் இருக்கின்றன, கேட்டுவிட்டு உள்ளே போகலாம். ஒன்றில் நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சதுரமான ஒரு கண்ணாடியைத் துடைத்துத் தரையில் வைக்கிறார். அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவில் தடுப்புகள் வைத்த அச்சு. சிமெண்டும் மணலும் கலர்ப் பொடியும் கூழாகக் கலந்த டப்பாக்கள் பக்கத்தில். கரண்டியால் சிவப்பை இந்தக் கட்டத்தில், பச்சையை அந்தக் கட்டத்தில் ஊற்றி, ஒரு மூச்சில் அச்சைத் தூக்குகிறார், கலர்கள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கின்றன, கலக்கவில்லை. அதன் மேல் காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, பிறகு ஈரக் கலவையை நிரப்பி அழுத்தி மட்டம் பார்த்துச் சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்து அப்படியே நகர்த்தி வைத்துவிடுகிறார். சூளையே கிடையாது. காய்ந்த பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது. அந்த மினுமினுப்பு முழுக்க கண்ணாடி கொடுத்தது.

பக்கத்தில் இன்னொருவர் அச்சே இல்லாமல் கரண்டியை ஆட்டி ஆட்டிக் கலரை ஊற்றிச் சுழி போட்டார். இரண்டு சுழி ஒன்றுபோல வரவில்லை, அவர் வர வைக்கவும் முயலவில்லை. வீட்டில் ஒரு தையல் கோணினால் பிரித்துப் பிரித்துப் போடுகிற எனக்கு, அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தோள்பட்டை தானாகத் தளர்ந்தது. ஒரு விஷயம், போட்டோ எடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் செய்கிற நேரத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள், கலவை இறுகிவிடும்.

ஞாபகத்துக்குப் பத்துக் கல்லு வாங்கிட்டு வரலாமா?

எட்டு அங்குலக் கல் ஒன்றே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும், பத்துக் கல்லைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவதை நீங்களே யோசியுங்கள். இரண்டு போதும், சூடான பாத்திரம் வைக்கவோ செடித்தொட்டிக்கு அடியிலோ போடலாம். எலுமிச்சை, புளி, பாத்ரூம் ஆசிட் எதுவும் மேலே படக்கூடாது, சிமெண்டை அரித்து வெளுத்துவிடும்.

நான் கல்லை விட்டுவிட்டு வடிவத்தைத்தான் கொண்டுவருகிறேன். கட்டம் போட்ட நோட்டில் வரைந்துகொண்டால் போதும், அது சதுரம்தானே, ஒட்டுத்துணி வேலைக்கு அப்படியே பொருந்தும். நாலு சதுரம் சேர்ந்தால்தான் முழுப் பூ வரும் என்கிற கணக்கு இரண்டுக்கும் ஒன்று.

கொட்டான் பின்னக் கத்துக்க முடியுமா?

மூன்று நாளில் முழுசாக வராது, ஆனால் அடிப்பின்னல் பிடிபடும். கொட்டான் என்பது பனை ஓலைக் கூடை. பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாயத் தண்ணீரில் முக்கிப் பின்னுவார்கள். கல்யாணத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய் வைத்துக் கொடுப்பது இதில்தான். அந்தக் காலத்து ஆச்சிமார் ஓய்வு நேரத்தில் தாங்களே பின்னி, மேலே பாசிமணி கோத்தும் குரோஷா நூலில் உறை போட்டும் அலங்கரித்தார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கிட்டத்தட்ட மறைந்துபோயிருந்த இந்தப் பின்னலை எம்.ஆர்.எம்.ஆர்.எம். அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டது. கற்க விரும்பினால் தங்குகிற இடத்தில் முன்கூட்டியே கேளுங்கள், பின்னுகிற அக்கா யாரையாவது ஏற்பாடு செய்து தருவார்கள். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும், இது பேரம் பேசுகிற இடமில்லை.

வாங்கி வந்தவர்கள் எல்லோரும் செய்கிற தவறு, பிளாஸ்டிக் கவரில் மூடி வைப்பது. நானும் முதல் கொட்டானை அப்படித்தான் அலமாரிக்குள் வைத்தேன், கார்த்திகையில் எடுத்துப் பார்த்தபோது உள்பக்கம் முழுக்கப் பூசணம், ரொம்ப வருத்தமாகிவிட்டது. காற்றாட வையுங்கள். ஈரம் பட்டால் நிழலில் உலர்த்துங்கள், நேர் வெயிலில் சாயம் மங்கும்.

கண்டாங்கிச் சேலை வாங்கணும். கைத்தறின்னு எப்படி நம்புறது?

கட்டமும் கோடும், அகலமான கரை, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று தூரத்திலிருந்தே தெரிகிற பருத்திச் சேலை அது. 2019இல் திண்டுக்கல் பூட்டோடு சேர்ந்து புவிசார் குறியீடு வாங்கியது. அதற்குப் பிறகு பவர்லூம் நகலும் கூடிவிட்டது. கரையோரத்தைப் பாருங்கள், தறியில் துணியை விரித்துப் பிடிக்கிற கம்பின் ஊசி குத்திய சிறு துளைகள் கொஞ்சம் இடைவெளி விட்டு இருக்கும். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இதைவிட எளிது, நெசவாளர் வீட்டுக்கோ கூட்டுறவுச் சங்கக் கடைக்கோ போய் வாங்குவது, தறி கண்ணெதிரே ஓடும்.

முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு அலசுங்கள். ஒட்டுத்துணி வேலைக்குக் கிழிந்த பழைய கண்டாங்கி கிடைத்தால் விடாதீர்கள், பத்து வருஷம் துவைத்த பருத்திக்கு இருக்கிற மென்மை புதுத்துணிக்கு வராது.

பழைய இனாமல் சட்டியில சமைக்கலாமா? பித்தளையில?

இனாமல் உரிந்திருந்தால் சமைக்கவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம். உரியாவிட்டாலும் பழைய பூச்சுக் கலர்களில் ஈயம், காட்மியம் கலந்திருக்கலாம் என்பதால் நான் அவற்றில் உணவு வைப்பதில்லை. நூல்கண்டும் பொத்தானும் போட்டு வைக்கிறேன். பித்தளையில் புளிப்பு எதையும் வைக்கக்கூடாது. உள்ளே வெள்ளீயம் பூசி வாங்கினால் சமைக்கலாம், பூசுகிறவர் "சுத்த வெள்ளீயம்தான்" என்று சொல்வதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதுசையே பழசாக்கி விக்கிறாங்களாமே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நடக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு மரப்பெட்டியை "தாத்தா காலத்துப் பெட்டி" என்று நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினால் கீலில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ. அன்றிலிருந்து முதலில் ஆணியைத்தான் பார்க்கிறேன். பழைய ஸ்க்ரூவின் தலையில் ஒரே ஒரு கோடுதான் இருக்கும். அப்புறம் தேய்மானம். கை படுகிற இடம், தரையில் உரசுகிற அடிப்பாகம், இவைதான் தேய வேண்டும். எல்லா மூலையும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. பெட்டியைத் திறந்து மோந்து பாருங்கள், பாலிஷ் வாடை புதிதாக அடித்தால் யோசியுங்கள்.

இனாமலிலும் பீங்கானிலும் அடியைத் திருப்பிப் பாருங்கள், முத்திரையே வயசைச் சொல்லும். செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் அந்த நாடு உருவானது 1918இல், அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. "ஆக்குபைட் ஜப்பான்" என்று இருந்தால் போர் முடிந்து நேச நாடுகளின் பிடியில் ஜப்பான் இருந்த 1945 முதல் 1952 வரையிலான காலம். சுவீடனின் காக்கம்ஸ் கம்பெனித் தட்டுகளும் செட்டிநாட்டில் உண்டு. உரிந்த இடம் கறுத்து, ஓரம் மழுங்கியிருந்தால் பழைய உரிவு. பளிச்சென்று இரும்பு தெரிந்தால் நேற்று தட்டியது.

ரவிவர்மா படம்னு ஒண்ணு காட்டுறாங்க, நம்பலாமா?

அது அவர் கையால் வரைந்த ஓவியமாக இருக்காது, அச்சுப்படமாகத்தான் இருக்கும். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமி, சரஸ்வதி படங்கள் வீடு வீடாகப் போயின. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பழைய கல் அச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கை வைத்தது போல இருக்கும். இப்போதைய ஆப்செட் நகலில் சின்னச் சின்ன வட்டங்களாக அச்சு பிசகாமல் வரிசை கட்டி நிற்கும். கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்த காலண்டர் படங்களும் இந்தக் கடைகளில் கிடைக்கும், அவற்றையும் லேசாக நினைக்காதீர்கள்.

என்னைக் கட்டிப்போட்டது இன்னொரு வகை. அச்சுப்படத்தின் மேல் சாமிக்கு நிஜத் துணியில் சேலை உடுத்தி, சரிகை வைத்து, ஜமிக்கி தைத்து, கண்ணாடிக்குள் போட்டிருப்பார்கள். ஒரு சரஸ்வதியின் முந்தானையை உற்றுப் பார்த்தேன், மடிப்பு மடிப்பாக எடுத்து, அரிசி அளவு தையலில் பிடித்திருந்தது, ஜமிக்கி ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குட்டி மணி. யார் செய்தது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அச்சகத்தின் பெயர் கீழே இருக்கிறது, தைத்த பெண்ணின் பெயர் இல்லை. அந்தப் படத்தை என்னால் வாங்க முடியவில்லை, அந்தத் தையலை மட்டும் கற்றுக்கொண்டேன்.

சிங்கப்பூர்ல இருக்கிற அக்காவுக்குக் கொடுத்து அனுப்பலாமா?

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் என்றால் கூடாது. 1972ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டப்படி அது வெளிநாடு போக முடியாது, சுவடி போன்றவற்றுக்கு 75 வருஷமே போதும். இனாமல் தட்டு, பிஸ்கட் டின் மாதிரி சாமான்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆனால் பார்க்கப் பழமையாகத் தெரிகிற பித்தளை, மரச் சிற்பம் என்றால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள், அது பழம்பொருள் இல்லை என்று மத்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. கோயில் சிலை மாதிரி இருப்பதையும், தந்தத்தில் செய்ததையும் யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

வீட்டை இடிச்சு எடுத்த சாமானை வாங்குறது தப்பில்லையா?

இதுதான் எனக்கும் ரொம்ப நாள் உறுத்தியது. அந்த வீடுகள் ஒரு ஆளுக்குச் சொந்தமில்லை, ஒரே வீட்டில் பத்து, இருபது பங்காளிகளுக்குப் பாத்தியதை இருக்கும். ஆளாளுக்கு ஒரு ஊர், பராமரிக்க ஒத்துப்போவது கஷ்டம், கடைசியில் தூணும் கதவும் தனித்தனியாக விலைக்குப் போகின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, ஆனாலும் இடிப்பது நின்றபாடில்லை.

நான் வைத்திருக்கிற கோடு இது. அறைக்குள் இருந்த புழங்கு சாமான், அதாவது தட்டு, டப்பா, பெட்டி, துணி, இவற்றை வாங்குவேன். வீட்டோடு சேர்ந்தது, தூண், நிலை, கதவு, சுவர் டைல்ஸ், இவற்றை வாங்க மாட்டேன். தூணுக்கு நல்ல விலை இருக்கிறது என்பதே ஒரு வீடு இடிபட ஒரு காரணமாகிவிடுகிறது. எப்படியும் இடிந்த வீட்டிலிருந்துதானே வந்தது, வாங்காவிட்டால் விறகாகத்தானே போகும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மரவேலைக்கு ஆசைப்பட்டால் காரைக்குடித் தச்சர்களிடம் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள் என்பேன், கை இன்னும் இருக்கிறது, வேலைதான் இல்லை. நின்றுகொண்டிருக்கிற வீட்டில் டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்ப்பதும், அங்கே தங்குவதும்கூட அந்த வீட்டுக்கு நாம் செய்கிற ஒரு உதவிதான்.

கூட வர்றவருக்கு இதுல எல்லாம் ஆர்வமே இல்லையே?

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம் கோட்டை எல்லாம் பக்கம். அங்கே அனுப்பிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்காலம் வெள்ளைப் பணியாரத்துக்கும் ஒன்றுசேர்ந்தால் போதும்.

வாங்கிட்டு வந்ததை எல்லாம் என்னதான் பண்றீங்க? வீடு நிறைஞ்சுடாதா?

ஒரு பயணத்துக்கு மூன்று சாமான், அவ்வளவுதான். அதில் ஒன்றாவது தினமும் கையில் புழங்க வேண்டும். வெற்றிலைப் பெட்டியில் ஊசிகள், இனாமல் கிண்ணத்தில் பொத்தான்கள், கொட்டானில் நடப்பில் இருக்கும் தையல். ஆத்தங்குடி நோட்டிலிருந்து எடுத்த பூ ஒன்று இப்போது மெத்தை விரிப்பாகிக்கொண்டிருக்கிறது, 36 சதுரத்தில் 22 முடிந்திருக்கிறது.

போன தடவை வாங்கியது ஒரு சின்னப் பித்தளைச் சம்புடம். அடியில் "மீ" என்று ஒரே ஒரு எழுத்துப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. மீனாட்சியோ மீனாளோ தெரியாது, கடைக்காரருக்கும் தெரியவில்லை. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்றார்கள், நான் அந்த எழுத்து இருக்கிற பக்கத்தைத் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். அதற்குள் இப்போது என் அம்மாவின் விரல்தொப்பி இருக்கிறது.